மூங்கில் தண்ணிக்கு வழி விட்டினம்

ஹொல்ஸ்டெப்ரோ,
14.03.1988

அன்பின் மலருக்கு,

குளிரைத் தவிர எனக்கு இஞ்சை ஒரு வருத்தமும் இல்லை. நீரும் பிள்ளையும் ஒரு குறையுமில்லாமல் இருக்கோணும் எண்டு அம்மாளாச்சியை நினைச்சுக்கொண்டுதான் பேனையை எடுக்கிறன்.

உம்மடை போன மாசக் கடிதத்திலை "பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டிட்டுது" எண்டு ஒரே பக்கத்திலை ரண்டு தரம் எழுதியிருக்கிறீர். ஒருக்கால் எழுதியிருந்தால் நம்பியிருப்பன். என்ன காய்ச்சல் அது? நான் வெளிக்கிடேக்கை கஜந்தி கதவு நிலையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவள். இப்ப நாலு வயசாகப் போகுது. அவள் எப்பிடிக் கதைக்கிறாள் எண்டுகூட எனக்குத் தெரியாது.

விசா விசயம். அகதியா ஏற்றுக்கொண்ட உடனை, போன புரட்டாதியிலையே உங்கள் ரண்டு பேருக்கும் விண்ணப்பம் போட்டிட்டன். பொலிஸ் அலுவலகத்திலை போய்க் கேட்டால் "உண்டர் பிஹான்லிங்" எண்டு ஒரே பதில்தான். பாத்துக்கொண்டிருக்கிறம் எண்டு அர்த்தமாம். லோரன்ஸ் அண்ணைதான் எனக்கு மொழிபெயர்த்துச் சொல்லுறவர். மன்னார் ஆள். எங்களுக்கெல்லாம் முந்திக் கப்பலிலை வந்து இந்த நாட்டுப் பிரசையானவர். அகதியின்ரை மனுசியும் பிள்ளையும் வாறது இஞ்சத்தைச் சட்டத்திலையே கிடக்குது எண்டு அவர் சொல்லுறார். இரக்கம் பாத்துத் தாறதில்லையாம், உரிமையாம்.

இஞ்சத்தைச் சனம் ஒழுங்கான சனம், மலர். ரோட்டிலை ஒரு வாகனமும் வராட்டிலும் சிவப்பு விளக்கு எரிஞ்சால் நிண்டுதான் கடக்குங்கள். அப்பிடிப்பட்டவை சட்டத்திலை எழுதி வைச்சதைச் செய்யாமல் விடமாட்டினம். கொஞ்சம் பொறும்.

கோழி வெட்டிற பக்டறியிலை வேலை போகுது. கையிலை மணம் போகிறேல்லை, அவ்வளவுதான்.

பிள்ளையைக் கொஞ்சினதாச் சொல்லும்.
தவராஜா


அளவெட்டி,
20.04.1988

அன்பின் அத்தானுக்கு,

நீங்கள் சுகம் எண்டு எழுதியிருந்தீங்கள், நல்லது. நாங்கள் சுகம் எண்டு இதுவரைக்கும் நான் எழுதினது பொய்.

பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லை. வலிப்பு.

போன ஐப்பசிச் சண்டைக்கை கோயில் மண்டபத்திலை சனத்தோடை சனமா இருந்தம் எண்டு எழுதினனான். அந்த நெருசலுக்கை அவளுக்குக் காய்ச்சல் வந்து தலைக்கேறினதை எழுதேல்லை. வெளியாலை ஷெல் விழுந்துகொண்டிருக்குது, பிள்ளை என்ரை மடியிலை கிடந்து வெட்டி வெட்டி இழுக்கிறாள். காய்ச்சல் மாறீட்டுது. இழுப்பு மாறேல்லை. மாசத்திலை மூண்டு நாலு தரம் வருது. கண் மேலை போகும், வாய் ஒரு பக்கம் கோணும். பக்கவாட்டிலை படுக்க வைச்சு நுரையைத் துடைச்சுக்கொண்டு இருப்பன். தெளிஞ்ச உடனை "அம்மா, நான் விழுந்தனானே?" எண்டு கேப்பாள். வெக்கப்பட்டுக்கொண்டு கேப்பாள். நாலு வயசுப் பிள்ளைக்கு அதிலை என்ன வெக்கம்?

டொக்டர் ஒரு குளிசை எழுதித் தந்தவர், அதின்ரை பேரை ஒரு துண்டிலை எழுதி இதோடை வைச்சிருக்கிறன். வருசக்கணக்கா நிப்பாட்டாமல் குடுக்கச் சொன்னவர்.

நீங்கள் தனிய இருந்து யோசிப்பீங்கள் எண்டு மறைச்சனான். இனி மறைக்க மாட்டன். "கொஞ்சம் பொறும்" எண்டு எழுதினீங்கள் பாருங்கோ, அந்தச் சொல்லுக்குத்தான் இந்தக் கடிதம். சிவப்பு விளக்குக்கு நிக்கிற சனத்தைப் பற்றியும் எழுதியிருந்தீங்கள். நாங்களும் நிண்டுகொண்டுதான் இருக்கிறம். எங்கடை விளக்கை மாத்திற ஆள் ஆர் எண்டு ஒருக்கால் கேட்டுச் சொல்லுங்கோ.

உங்கடை உடம்பைக் கவனியுங்கோ.
ராசமலர்


ஹொல்ஸ்டெப்ரோ,
22.05.1988

அன்பின் மலருக்கு,

என்ரை சுகத்தை இந்தமுறை விடுவம். உம்மடை கடிதத்தைப் பக்டறி உடுப்பு மாத்திற அறையிலை நிண்டு வாசிச்சன். பிறகு வேலைக்குப் போக ஏலாமல் வாங்கிலை இருந்திட்டன்.

அடுத்த நாளே டொக்டரிட்டைப் போனன். லோரன்ஸ் அண்ணையும் வந்தவர். குளிசையின்ரை பேரைச் சொல்ல டொக்டர் தலையாட்டினார். அது இஞ்சை எல்லா மருந்துக்கடையிலையும் கிடக்குதாம். ஆனால் சொன்னார்: "நான் பாக்காத பிள்ளைக்கு மருந்து எழுதேலாது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கோ, இண்டைக்கே பாக்கிறன்."

நல்ல மனுசன். அவர் சொன்னதிலை பிழையுமில்லை. ஆனால் வெளியிலை வந்து சைக்கிளை வீட்டுப் பக்கம் திருப்ப எனக்கு மனம் வரேல்லை. அப்பிடியே பொலிஸ் அலுவலகத்துக்குப் போனம். டொக்டர் பிள்ளையைக் கேக்கிறார், பிள்ளையை விடுங்கோ எண்டு சொன்னம். அங்கை இருந்தவர் சொல்லுறார், இலங்கையிலை ஒப்பந்தம் வந்திட்டுதாம், யாழ்ப்பாணம் இப்ப அமைதியாம், பிள்ளைக்கு அங்கையே வைத்தியம் பாக்கலாமாம்.

பக்டறியிலை எனக்குப் பக்கத்திலை நிண்டு கோழிக்குடல் எடுக்கிறவ ஒரு வியட்னாம் சீன மனுசி, லாம் அக்கா எண்டு கூப்பிடுவம். எங்களைப்போலை தப்பி வந்தவதான், படகிலை. என்ரை முகத்தைப் பாத்து என்னெண்டு கேட்டா. தெரிஞ்ச அரைகுறை டெனிஷிலை சொன்னன். அடுத்த நாள் ரண்டு போத்தல் கொண்டந்து தந்தா. மூங்கில் தண்ணி. பச்சை மூங்கிலைத் துண்டு துண்டா வெட்டி நடுவிலை நெருப்புக் காட்டினால் ரண்டு அந்தத்தாலையும் சாறு வடியுமாம். சீன வைத்தியத்திலை நெஞ்சுச் சளிக்கும் பிள்ளையளின்ரை வலிப்புக்கும் அதைக் குடுக்கிறவையாம். பாரிஸிலை சீனக் கடை வைச்சிருக்கிற அவவின்ரை தமையன் அனுப்பினது. அவவின்ரை மகனுக்கும் சின்னனிலை இதே வருத்தமாம். இப்ப அவன் ஒடென்சேயிலை பஸ் ஓட்டுறான்.

லோரன்ஸ் அண்ணை வாற மாசம் ஊருக்கு வாறார். அவரிட்டைக் குடுத்துவிடுறன். காலமையும் பின்னேரமும் ஒரு கரண்டி, இளஞ்சுடு தண்ணியிலை. குளிசையை மட்டும் நிப்பாட்டிப் போடாதையும்.

பிள்ளையின்ரை தலையைத் தடவிவிடும்.
தவராஜா


அளவெட்டி,
10.07.1988

அத்தானுக்கு,

சுகம் கேக்கிறது வழக்கம். கேட்டனெண்டு வைச்சுக்கொள்ளுங்கோ.

லோரன்ஸ் அண்ணை மன்னாரிலையிருந்து ஆள் விட்டு நீங்கள் குடுத்ததை அனுப்பினவர். நான் விசா கேட்டனான். நீங்கள் மூங்கில் தண்ணி அனுப்பியிருக்கிறீங்கள்.

குளிசையை நிப்பாட்டாதையும் எண்டு எழுதியிருக்கிறீங்கள். எந்தக் குளிசையை? கொழும்பிலையிருந்து மருந்து லொறி வராமல் எத்தினை காலம்? சித்திரையிலை இருந்தே அரைக் குளிசை, பிறகு கால் குளிசை, இப்ப ஒண்டுமில்லை. சுன்னாகம், சங்கானை, யாழ்ப்பாண ரவுண், எல்லா இடமும் அலைஞ்சிட்டன்.

உங்கடை போத்தலைக் கொண்டந்தவர் வழிக்கதையைச் சொன்னார். எத்தினை விமான நிலையம் தாண்டி வந்திருக்கு. மதவாச்சியிலை ஆமிக்காரன் மூடியைத் திறந்து மணந்து பாத்திட்டு விட்டானாம். சாவகச்சேரிச் சென்றியிலை இந்தியன் ஆமிக்காரன் ஒரு சொட்டு நாக்கிலை வைச்சுப் பாத்துச் சிரிச்சுப்போட்டு விட்டானாம். ஒருத்தரும் அதிட்டைக் கடதாசி கேக்கேல்லை. உலகம் முழுக்க அந்தத் தண்ணிக்கு வழி விட்டிருக்கு. என்ரை பிள்ளைக்குத்தான் இல்லை.

எங்கடை பரியாரியாரிட்டைக் காட்டினன். மணந்து பாத்திட்டு, மூங்கிலுப்பு எங்கடை வைத்தியத்திலையும் இருக்கு, இது கெடுதல் செய்யாது, ஆனால் இதை நம்பிக் குளிசையை மறக்காதை பிள்ளை எண்டார். எல்லாரும் என்னைக் குளிசையை மறக்கவேண்டாம் எண்டுதான் சொல்லுறீங்கள். குளிசையைத் தாறதுக்குத்தான் ஒருத்தரும் இல்லை.

போத்தலைக் குசினித் தட்டிலை வைச்சிருக்கிறன். திறக்கேல்லை. அதைப் பாக்க எனக்குக் கோவம் வருது.

அந்தச் சீன அக்காவிலை எனக்கு ஒரு கோவமும் இல்லை எண்டு சொல்லுங்கோ.
ராசமலர்


ஹொல்ஸ்டெப்ரோ,
09.08.1988

மலர்,

குளிசை முடிஞ்சதை ஏன் அப்பவே எழுதேல்லை? நான் இஞ்சை கோழி திண்டு கொழுத்துக்கொண்டு இருக்கிறன் எண்டு நினைக்கிறீரோ? குளிர் அறையிலை நாள் முழுக்க நிண்டு விரல் மரத்துப் போகுது. அந்த விரலாலை எழுதுறதுக்கு நீர் குத்திக் குத்திப் பதில் எழுதுறீர். லாம் அக்கா தன்ரை தமையனுக்கு எழுதி மினக்கெட்டு எடுப்பிச்சது அது. நீர் தட்டிலை வைச்சுப் பாத்துக் கோவிக்கிறதுக்கில்லை.

நான் அனுப்பக்கூடியது அது ஒண்டுதான். மருந்துக்கடையிலை கடதாசி கேக்கினம். பொலிஸிலை கடதாசி கேக்கினம். அந்தப் போத்தலுக்குத்தான் ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. அதை நீரே எழுதியிருக்கிறீர். பிறகு நான் வேறை என்னத்தை அனுப்பிறது?

பிள்ளைக்கு அதைக் குடும். கையெடுத்துக் கேக்கிறன்.

விசா விசயமா இந்தமுறை எழுத ஒண்டுமில்லை.

தவராஜா


அளவெட்டி,
02.10.1988

அன்பின் அத்தானுக்கு,

உங்கடை விரல் இப்ப எப்பிடி? நல்லெண்ணெய் கிடைச்சால் சுடவைச்சுப் பூசுங்கோ.

ஆவணியிலை ஒரே கிழமையிலை ரண்டு தரம் வலிப்பு வந்தது. ரண்டாவது தரம் அவள் தெளியிறதுக்குள்ளை நானே எழும்பிப் போய்ப் போத்தலைத் திறந்தன். புகை மணம், நெருப்பிலை வாட்டின கரும்பு மாதிரி. பிள்ளை முகத்தைச் சுழிச்சுக்கொண்டு குடிச்சாள். அண்டையிலையிருந்து விடாமல் குடுக்கிறன். அத்தான், புரட்டாதி முழுக்க ஒண்டும் வரேல்லை. எழுதவே பயமாக்கிடக்கு, கண்பட்டிடுமோ எண்டு. பக்கத்து வீட்டுப் பிள்ளையளோடை படலையடியிலை விளையாடுறாள். அப்பா அனுப்பின மரத்தண்ணி எண்டு எல்லாருக்கும் சொல்லித் திரியிறாள்.

உங்களைக் குத்திக் குத்தி எழுதினதுதான். அதுக்கு மன்னிப்புக் கேக்க மாட்டன். ஆனால் இதையும் எழுதாமல் விட்டால் அது நேர்மையில்லை.

எண்டாலும் நான் கொழும்புக்குப் போகப்போறன். பெரியாசுப்பத்திரியிலை பிள்ளையைக் காட்டி ஒரு வருசத்துக்குக் காணக்கூடியதாக் குளிசை எழுதுவிச்சுக்கொண்டு வாறதெண்டு முடிவெடுத்திட்டன். வாற மாசம் எங்கடை ஊர்ச்சனம் கொஞ்சம் வான் பிடிச்சுப் போகினம், அவையோடை போவன். வழியிலை சண்டை இருக்குதாம். வழியிலை சண்டை இல்லாத நாளை நான் எங்கை போய்த் தேடுறது? ஆனால் விசா கெதியிலை வருமெண்டால் சொல்லுங்கோ, பிள்ளையை ரண்டு தரம் அந்த வழியாலை இழுக்கத் தேவையில்லை. உங்கடை பதில் கண்டுதான் வெளிக்கிடுவன்.

அந்த அக்காவுக்கு நன்றி சொல்லுங்கோ.
மலர்


ஹொல்ஸ்டெப்ரோ,
25.10.1988

என் அன்பு மலருக்கு,

உம்மடை கடிதம் வந்த அண்டு எனக்கு நிலத்திலை கால் நிக்கேல்லை. உம்மடை சுகமும் பிள்ளையின்ரை சுகமும் தெரிஞ்சதே எனக்குச் சுகம்.

பக்டறியிலை எல்லாருக்கும் சொன்னன். டெனிஷ்காரர்கூட வந்து கை தந்தவை. லாம் அக்கா மட்டும் பெரிசாச் சிரிக்கேல்லை. அவவின்ரை சுபாவம் அப்பிடி. இன்னும் நாலு போத்தல் சொல்லியிருக்கிறன். லோரன்ஸ் அண்ணை நத்தார்ப் பெருநாளுக்கு மன்னார் வரேக்கை கொண்டருவார்.

கொழும்புக்குப் போகாதையும். அந்த வழியாலை பிள்ளையோடை வெளிக்கிடுறது எண்டால் எனக்கு இஞ்சை நித்திரை வராது. போன கிழமையும் வானுகள் மறிச்ச செய்தி வந்தது. வருத்தம் மாறிக்கொண்டு வரேக்கை ஏன் வீணா? விசாவும் நத்தாருக்கு முன்னம் வந்திடும் எண்டுதான் எனக்குப் படுகுது. இஞ்சை வந்தால் அந்த டொக்டர் முதல் நாளே பாப்பார். அதுவரைக்கும் தண்ணியை விடாமல் குடும்.

இஞ்சை வந்தால் அவளுக்குத் தடிச்ச சப்பாத்து வேண்டோணும். பாதத்தை ஒரு கடதாசியிலை வைச்சுக் கீறி அனுப்பும்.

அன்போடை,
உம்மடை தவராஜா


ஹொல்ஸ்டெப்ரோ,
12.12.1988

அன்பின் மலருக்கு,

ஏன் ஒரு பதிலும் இல்லை? சுகமோ, பிள்ளை சுகமோ? கடிதம் எங்கையும் நிண்டுபோச்சோ? பிள்ளையின்ரை காலின்ரை அளவும் வரேல்லை. கடைக்காரனிட்டைச் சொல்லி ஒரு சோடியை எடுத்து வைப்பிச்சிருக்கிறன்.

லோரன்ஸ் அண்ணை நாளைக்கு வெளிக்கிடுறார். ஒரு வரி எண்டாலும் அவரிட்டைக் குடுத்து விடும்.

தவராஜா


அளவெட்டி,
15.01.1989

தவராஜாவுக்கு,

பேர் சொல்லி எழுதிறதுக்குக் குறை நினைச்சால் நினையுங்கோ. இண்டைக்கு வேறை ஒரு சொல்லும் வாயிலை வரேல்லை.

உங்கடை பேச்சைக் கேட்டு நான் கொழும்புக்குப் போகேல்லை. என்னோடை வரவிருந்த சனம் எல்லாம் ஒரு கரைச்சலும் இல்லாமல் போய்த் திரும்பி வந்தவை.

கார்த்திகைக் கடைசியிலை ஒரு மத்தியானம். பிள்ளை இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டு இருந்தவள். கையிலையிருந்தது விழுந்தது. வழமைபோலை நிக்குமெண்டு மடியிலை வைச்சுக்கொண்டு இருந்தன். நிக்கேல்லை. பக்கத்து வீட்டு இராசரத்தினம் அண்ணை சைக்கிளை எடுத்தார். நான் பின்னாலை பிள்ளையைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு இருந்தன். சென்றியிலை மறிச்சு இறங்கி நடக்கச் சொன்னாங்கள். இழுத்துக்கொண்டு இருக்கிற பிள்ளையோடை நடந்தன். ஆசுப்பத்திரியிலை மிஞ்சியிருந்த ஊசியிலை ஒண்டைப் போட்டு நிப்பாட்டினவை. பொழுதுபட்டிட்டுது.

கண் முழிச்சாள். என்னைத் தெரிஞ்சுது. ஆனால் வலது கை தூக்கேலாது. வலது கால் இழுபடுது. கதை குழறுது. டொக்டர் சொன்னார், கொஞ்சம் திரும்பி வரும், முழுக்க வருமெண்டு சொல்லேலாது. பிறகு மார்கழியிலை அவளைத் தூக்கிக்கொண்டு கொழும்புக்குப் போய்க் குளிசை எழுதுவிச்சுக்கொண்டு வந்தன். கார்த்திகையிலையே போயிருக்கவேண்டிய அதே பயணம். இப்ப குளிசை இருக்கு, வலிப்பு இல்லை, கையும் இல்லை.

அந்தத் தண்ணியை நான் குறை சொல்லமாட்டன். அது ஏலுமானதைச் செய்திருக்கும், இல்லாட்டி ஒண்டும் செய்யாமல் விட்டிருக்கும். எனக்குத் தெரியாது. அது பொய் சொல்லேல்லை. பொய் சொன்னது நீங்கள்.

லோரன்ஸ் அண்ணை உங்கடை நாலு போத்தலோடை இந்தமுறை வீட்டுக்கே வந்தவர். பிள்ளையைக் கண்டிட்டு இருக்கேலாமல் அழுதார். நத்தாருக்கு விசா வருமெண்டு இவர் எழுதினாரே, என்ன நடந்தது எண்டு கேட்டன். அவருக்கு விளங்கேல்லை. "ஆர் சொன்னது? ஆடி மாசமே எங்களுக்குத் தெரியும் தானே தங்கச்சி, தமிழாக்களின்ரை ஃபைல் ஒண்டையும் எடுக்கவேண்டாம் எண்டு மேலையிருந்து சொல்லி, எல்லாத்தையும் ஒரு பக்கத்திலை போட்டிட்டினம். கவுண்டரிலை இருந்த பெட்டை இரக்கப்பட்டுச் சொன்னது. தவராஜா என்னோடை நிண்டவர் தானே" எண்டார்.

ஆடி மாசம். எனக்குக் கோவமா எழுதினீங்களே, விசா விசயமா எழுத ஒண்டுமில்லை எண்டு, அது அதுக்குப் பிறகு. நத்தாருக்கு வருமெண்டு எழுதினது அதுக்கும் பிறகு. தெரிஞ்சுகொண்டு எழுதியிருக்கிறீங்கள்.

நான் பயப்பிடுவன் எண்டு நினைச்சீங்களோ? ஷெல்லுக்கு நடுவிலை பிள்ளையை வைச்சிருந்தவள் நான். வராது எண்டு ஒரு சொல் எழுதியிருந்தால் அடுத்த நாளே அந்த வானுக்கை ஏறியிருப்பன். என்னை ஆற்றுறதுக்கு எழுதினீங்கள். என்ரை பிள்ளையின்ரை கையாலை என்னை ஆற்றியிருக்கிறீங்கள்.

இனிப் போத்தல் வேண்டாம். சப்பாத்தும் வேண்டாம். ஒழுங்கான சனம் எண்டீங்களே, சட்டத்திலை கிடக்குது எண்டீங்களே, அந்தச் சனத்துக்கு முன்னாலை போய் நில்லுங்கோ. ஏனெண்டு கேளுங்கோ. தலையைக் குனிஞ்சு கொண்டு கவுண்டரிலை கேக்கிற மாதிரி இல்லை. எல்லாருக்கும் கேக்கக் கேளுங்கோ. கேட்டதுக்குப் பிறகு எனக்கு எழுதுங்கோ. அதுவரைக்கும் எழுதாதேங்கோ.

ராசமலர்


ஹொல்ஸ்டெப்ரோ,
20.03.1989

மலருக்கு,

சுகம் கேக்க எனக்கு முகமில்லை. நீர் கேக்கச் சொன்னதைக் கேட்டிட்டுத்தான் எழுதுறன்.

உம்மடை கடிதத்தை லாம் அக்காவுக்குச் சொன்னன். அவ கேட்டது ஒண்டுதான். "மகனுக்கு ஆசுப்பத்திரியிலை ஊசியும் போட்டது, எது காப்பாத்தினது எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது எண்டு சொன்னனே. அதை எழுதினனியோ?" இல்லை எண்டன். அவ தன்ரை கத்தியைத் தூக்கிக்கொண்டு போய் மற்ற மேசையிலை நிண்டிட்டா. இப்பவும் என்னோடை கதைக்கிறேல்லை.

மாசி மாசம் இஞ்சை நூலக மண்டபத்திலை ஒரு கூட்டம். கொப்பன்ஹேகனிலையிருந்து வந்த ஒரு பெரிய அதிகாரி, வெளிநாட்டாக்களைப் பற்றிப் பேச வந்தவர். எங்கடை பெடியள் வேலை முடிஞ்ச உடுப்போடை வந்திருந்தினம். எல்லாருக்கும் ஊரிலை மனுசி பிள்ளையள். எல்லாற்றை ஃபைலும் அதே பக்கத்திலை. கேள்வி கேக்கலாம் எண்டவுடனை நான் எழும்பினன். லோரன்ஸ் அண்ணை மொழிபெயர்க்க எழும்ப, வேண்டாம் எண்டு கையைப் பிடிச்சன். பாடமாக்கி வைச்சிருந்தனான். எண்டாலும் பாதி மறந்து போச்சு.

சட்டத்திலை எங்கடை குடும்பம் வரலாம் எண்டு கிடக்குது, ஃபைலைத் தொடாதேங்கோ எண்டு சொன்னது ஆர் எண்டு கேட்டன். தனியாக்களின்ரை விசயம் இஞ்சை கதைக்கேலாது எண்டு அவர் சொன்னார். பேந்துதான் பாடமாக்காதது ஒண்டு வந்தது.

"என்ரை மகளுக்கு வலது கை ஏலாது. என்ரை ஃபைல் உங்கடை மேசையிலை கிடக்கேக்கை ஏலாமல் போனது. அவளின்ரை மருந்து இந்த ரோட்டுக் கடையிலை இருக்கு. அவளை விட்டிருந்தால் நான் சைக்கிளிலை கூட்டிக்கொண்டு போயிருப்பன்."

அவர் தண்ணி குடிச்சார். அடுத்த கேள்வி எண்டார். நான் இருக்கேல்லை. பின்னாலை எங்கடை பெடியள் ஒவ்வொருத்தரா எழும்பினவை. ஒருத்தரும் கத்தேல்லை, எழும்பி நிண்டவை, அவ்வளவுதான். முன் கதிரையிலை இருந்த வயசான டெனிஷ் மனுசி ஒராள், பள்ளிக்கூட ரீச்சராம், திரும்பி எங்களைப் பாத்தா. பிறகு அவரைப் பாத்து, "அந்த ஆளுக்குப் பதில் சொல்லுங்கோ" எண்டா. அவர் தன்ரை கடதாசியளை அடுக்கிப் பைக்கை வைச்சார். கூட்டம் அப்பிடியே முடிஞ்சு போச்சு.

அடுத்த நாள் பேப்பரிலை வந்தது. ஒரு வக்கீல் பிள்ளை தானா வந்து எங்கள் எல்லாருக்கும் முறைப்பாடு எழுதித் தந்தா. எங்களைப்போலை டோஸ்ட்ருப்பிலையும் ஒடென்சேயிலையும் ஆக்கள் முறைப்பாடு போட்டிருக்கினமாம். இந்த மாசம் நாடு முழுக்க இதுதான் கதை. வேணுமெண்டு சட்டத்துக்கு மாறா வைச்சிருந்தவை எண்டு ரேடியோவிலையே சொல்லுறாங்கள். ஃபைலுகளை எடுக்கத் தொடங்கியிருக்கினம் எண்டு கேள்வி. வருமெண்டு நான் எழுதமாட்டன். தாள் கையிலை வந்தால் எழுதுவன்.

ஏன் பொய் எழுதினன் எண்டு நீர் கேக்கேல்லை. சொன்னாலும் அது பிள்ளைக்கு உதவாது.

தவராஜா


கொழும்பு, வெள்ளவத்தை,
03.08.1989

அத்தானுக்கு,

நாங்கள் வந்து சேந்திட்டம். பிள்ளை நேரத்துக்குக் குளிசை குடிக்கிறாள், சாப்பிடுறாள். எனக்கு வழிக்களைப்பைத் தவிர ஒண்டுமில்லை. உங்கடை சுகத்தை நேரிலை பாத்துக்கொள்ளுறன்.

நீங்கள் அனுப்பின தாளைக் காட்ட, இஞ்சை டென்மார்க் அலுவலகத்திலை விசா குத்தித் தந்திட்டினம். நான் சிங்களமும் இங்கிலீசும் தெரியாதவள் எண்டபடியால் ஒரு தமிழ்ப் பெடியனை மொழிபெயர்க்க வைச்சவை. கடதாசியைத் தந்த வெள்ளைக்காரர் பிள்ளையைப் பாத்துச் சிரிச்சார். என்னைப் பாத்து, நீங்கள் அதிர்ஷ்டக்காரி எண்டார். பெடியன் அதைத் தமிழிலை சொல்லிப்போட்டு, "தாங்யூ எண்டு சொல்லுங்கோ அக்கா" எண்டான்.

நான் சொன்னன்: "அதிர்ஷ்டம் இல்லை எண்டு சொல்லு. சட்டத்திலை இருந்தது. பிந்தித் தந்தவை எண்டு சொல்லு."

அவன் முழுசினான். அக்கா, தந்திட்டினம் தானே, ஏன் இப்ப எண்டான். நான் கதிரையை விட்டு எழும்பேல்லை. எனக்குப் பின்னாலை ஆக்கள் நிண்டவை, நிக்கட்டும் எண்டு இருந்தன். கடைசியிலை சொன்னான். முழுக்கச் சொன்னானோ தெரியாது, ஆனால் அந்த மனுசன்ரை சிரிப்பு நிண்டது. பிறகுதான் எழும்பினன்.

நீங்கள் எழும்பி நிண்டதைப் பிள்ளைக்குச் சொன்னனான். அதுக்காக உங்களோடை இருக்கிற கோவம் போச்செண்டு நினைக்காதேங்கோ. அது கிடக்கு. அதைக் கடிதத்திலை தீர்க்கேலாது, ஒரு வீட்டுக்கை இருந்துதான் தீர்க்கோணும். அதுக்காகவும்தான் வாறன். இனி எனக்கு நல்ல செய்தி எண்டு ஒண்டும் சொல்லாதேங்கோ. உள்ளதைச் சொல்லுங்கோ, நான் தாங்குவன்.

வாற மாசம் முதல் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கொப்பன்ஹேகனிலை இறங்குவம் எண்டு ரிக்கற் குடுத்தவர் சொன்னார். ஒண்டு மட்டும் கேக்கிறன். எங்களைக் கண்டவுடனை ஓடிவந்து பிள்ளையைத் தூக்காதேங்கோ. சக்கரக் கதிரை கொண்டந்தாலும் நான் வேண்டாம் எண்டுதான் சொல்லுவன். அவள் நடப்பாள். மூண்டு மாசமா முற்றத்திலை இதுக்காகவே பழகினவள். காலை இழுத்து இழுத்து, சுவரைப் பிடிச்சு, மெல்லத்தான் வருவாள். பின்னாலை வாற சனம் நிக்கவேண்டி வரும். நிக்கட்டும். அந்த வாசலாலை அவள் வந்து முடிக்க எவ்வளவு நேரம் எடுக்குது எண்டு அங்கை நிக்கிற எல்லாரும் பாக்கட்டும்.

நீங்களும் நிண்டு பாருங்கோ.

ராசமலர்